காற்றாலை ஜெனரேட்டர்: மாடலும் கட்டுப்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னியல் இறுதியாண்டு மாணவர்களும் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சமன்பாடுகளை வார்த்தைகளாகவே எழுதியிருக்கிறேன். குறியீடுகள் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். அவை எதற்காக இருக்கின்றன என்பதுதான் பல நூல்களில் கிடைப்பதில்லை.

ஜெனரேட்டர் என்றால் ஜெனரேட்டர்தானே? காற்றாலைக்கு மட்டும் ஏன் தனியாக மாடல்?

அனல் மின் நிலையத்தில் நீராவி நம் கையில் இருக்கிறது. வால்வைத் திறந்தால் கூடும், மூடினால் குறையும். காற்றாலையில் உள்ளே வரும் ஆற்றலை நாம் தீர்மானிப்பதில்லை. நம் கையில் இருப்பவை இரண்டே இரண்டு: இறக்கையின் கோணம், ஜெனரேட்டர் சுழற்சிக்கு எதிராகக் கொடுக்கும் முறுக்குவிசை, அதாவது டார்க். டன் கணக்கில் எடையுள்ள இறக்கையைத் திருப்ப வினாடிகள் ஆகும். டார்க்கை மில்லிவினாடிகளில் மாற்றிவிடலாம். ஆகவே இந்த இயந்திரத்தில் ஜெனரேட்டர் என்பது மின்சாரம் தரும் பெட்டி மட்டுமல்ல, வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கும் அதுவே. 'கட்டுப்பாடு' என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, இந்த எதிர் டார்க் எந்தக் கணத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற ஒரே கேள்விதான்.

காற்றில் இருக்கும் ஆற்றலில் எவ்வளவு கிடைக்கும்?

இறக்கைகள் வீசும் வட்டத்தின் பரப்பு, காற்றின் அடர்த்தி, காற்று வேகத்தின் மும்மடி ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் காற்றில் உள்ள திறன் வரும். மும்மடி என்பதைக் கவனிக்க வேண்டும். காற்று 10 விழுக்காடு குறைந்தால் திறன் 27 விழுக்காடு குறைகிறது.

அதில் உச்சபட்சமாக 59.3 விழுக்காட்டைத்தான் எடுக்க முடியும். இது ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் 1920 வாக்கில் வெளியிட்ட வரம்பு. நல்ல இறக்கைகள் 45 முதல் 48 விழுக்காடு வரை போகும். ஆனால் அதுவும் எப்போதும் கிடைக்காது. இறக்கை நுனியின் வேகத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் உள்ள விகிதம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தால்தான் கிடைக்கும். மூன்று இறக்கை இயந்திரங்களில் அந்த விகிதம் பெரும்பாலும் 7-ஐ ஒட்டி இருக்கும்.

ஓர் உதாரணம். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009-ல் ஒரு 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையின் எல்லா எண்களையும் வெளியிட்டது. யாரும் அப்படியே கட்டி விற்காத, ஆய்வுக்கென்றே வரையப்பட்ட இயந்திரம். உலகெங்கும் ஆய்வு மாணவர்கள் இதை வைத்துத்தான் பழகுகிறார்கள். விட்டம் 126 மீட்டர், சிறந்த நுனிவேக விகிதம் 7.55, அப்போது பிடிக்கும் பங்கு 48.2 விழுக்காடு, கியர் விகிதம் 97. காற்று வினாடிக்கு 8 மீட்டர் என்றால் அந்த வட்டத்தைக் கடக்கும் காற்றில் சுமார் 3.9 மெகாவாட் இருக்கிறது. இறக்கை பிடிப்பது சுமார் 1.88. இழப்பு போக மின்சாரமாக வெளியே வருவது 1.78 மெகாவாட் சொச்சம். அப்போது இறக்கைகள் நிமிடத்துக்கு 9.15 சுற்று சுற்ற வேண்டும். காற்று 10 மீட்டரானால் சுற்று 11.4 ஆக வேண்டும். வேகம் மாறியே ஆக வேண்டும் என்பதுதான் இதிலிருந்து வரும் செய்தி.

அப்படியானால் முப்பந்தல் பக்கம் நிற்கும் பழைய சின்னக் காற்றாலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுகின்றனவே?

ஆமாம், கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கி, தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழிக் கணவாய், கயத்தாறு, பல்லடம் பகுதிகளில் வந்த 225, 250 கிலோவாட் இயந்திரங்களில் பெரும்பாலானவை டென்மார்க் பாணி. அந்தப் பாணிக்கு மூலம், யோஹான்னஸ் யூல் 1957-ல் டென்மார்க்கின் கெட்ஸரில் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலை. மூன்று இறக்கை, ஒரு கியர்பாக்ஸ், நேராக கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், கட்டிய இண்டக்ஷன் ஜெனரேட்டர். நடுவில் எந்த எலெக்ட்ரானிக்ஸும் இல்லை.

நம் ஊர்க் கிணற்று மோட்டாரில் இருக்கும் அதே அணிற்கூண்டு ரோட்டார்தான், அதாவது கூண்டு வடிவக் கம்பிகள் கொண்ட சுழலும் பகுதிதான், இதிலும். 4 துருவம், 50 ஹெர்ட்ஸ் என்றால் உள்ளே காந்தப்புலம் சுற்றும் வேகம், அதாவது ஒத்திசைவு வேகம், நிமிடத்துக்கு 1500 சுற்று. அதற்குக் கீழே இருந்தால் மோட்டார். கியர்பாக்ஸ் அதைத் தள்ளி 1500-ஐத் தாண்ட வைத்தால் ஜெனரேட்டர். முழுத் திறனில்கூட 1515 வாக்கில்தான் நிற்கும். அந்த ஒரு விழுக்காட்டு வித்தியாசத்துக்கு ஸ்லிப் என்று பெயர். காற்று எவ்வளவு துள்ளினாலும் இறக்கையின் வேகம் அந்தக் குறுகிய பட்டைக்குள் கட்டுண்டு கிடக்கும்.

காற்று குறைவான நேரத்தில் கொஞ்சமாவது மெதுவாகச் சுற்றட்டும் என்று பல இயந்திரங்களில் இரண்டு சுற்றுக்கட்டுகள் வைத்தார்கள். பலத்த காற்றுக்கு 4 துருவம், மென்காற்றுக்கு 6 துருவம். பின்னதில் வேகம் 1000. இயந்திரத்துக்கு இருந்த கியர் மாற்றம் அவ்வளவுதான். வேகம் ஒத்திசைவை நெருங்கியதும் தைரிஸ்டர் சாஃப்ட் ஸ்டார்ட்டர் மெதுவாக கிரிட்டோடு இணைக்கும். பிறகு காண்டாக்டர் விழுந்து தைரிஸ்டரை ஒதுக்கிவிடும். காற்று செத்துப்போனால் அதே ஜெனரேட்டர் மோட்டாராக மாறி, கிரிட்டின் மின்சாரத்தில் இறக்கையைச் சுற்றும். அதற்கு முன் கண்ட்ரோலர் கழற்றிவிட வேண்டும்.

இவற்றைக் கேலி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மரியாதைதான் வருகிறது. பழுதாக எலெக்ட்ரானிக்ஸே இல்லை என்பதால், பராமரிப்பு சுமாராக இருந்த இடங்களிலும் இருபது ஆண்டுகளைத் தாண்டி ஓடியவை அவை. விலையைக் கொடுத்தது கியர்பாக்ஸ். வேகம் நெகிழாததால் ஒவ்வொரு காற்றடியும் டார்க் துடிப்பாகப் பற்களில் இறங்கியது.

அந்த இயந்திரங்களுக்குக் கீழே கெபாசிட்டர் பெட்டி எதற்கு?

அணிற்கூண்டு ரோட்டாருக்கு சொந்தமாகக் காந்தப்புலம் கிடையாது. அதை உண்டாக்கும் ரியாக்டிவ் பவரை, அதாவது வேலை எதுவும் செய்யாமல் வந்து போகும் திறனை, கிரிட்டிடம்தான் வாங்க வேண்டும். மின்சாரம் விற்கப் போய் ரியாக்டிவ் பவருக்குக் கட்டணம் கட்டும் நிலை வரும். அதைக் குறைக்கத்தான் கெபாசிட்டர்.

கெபாசிட்டரை அளவுக்கு மீறி வைக்கவும் கூடாது. கிரிட் திடீரென்று அறுந்தால், ஜெனரேட்டரும் கெபாசிட்டரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு தானாகவே மின்னழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும். சுற்றும் வேகமும் கூடிக்கொண்டிருப்பதால் அந்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போகலாம். மாடலில் இதைப் பார்க்க இரும்பின் காந்தச் செறிவைச் சேர்த்தே ஆக வேண்டும். நேர்கோட்டு மாடல் போட்டால் மின்னழுத்தம் முடிவிலிக்கு ஏறும்.

டிஎஃப்ஐஜி என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

இருபுறமும் மின்சாரம் ஊட்டப்படும் இண்டக்ஷன் ஜெனரேட்டர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. இதன் சுழலாத பகுதியான ஸ்டேட்டர் நேராக கிரிட்டில் இருக்கும். ரோட்டாரில் கூண்டுக்குப் பதில் சுற்றுக்கம்பி. ஸ்லிப் ரிங், கார்பன் பிரஷ் வழியாக அந்தச் சுற்றுக்கு ஒரு கன்வெர்ட்டர், அதாவது அதிர்வெண்ணை மாற்றித்தரும் எலெக்ட்ரானிக்ஸ், நமக்கு வேண்டிய அதிர்வெண்ணில் மின்னோட்டம் கொடுக்கும். ரோட்டாரின் சுழற்சியும் நாம் கொடுக்கும் அதிர்வெண்ணும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் ஆனால் போதும். ஆகவே தண்டு 1500-க்கு மேலும் கீழும் சுமார் 30 விழுக்காடு வரை, அதாவது 1050 முதல் 1950 வரை, உலவலாம்.

இதன் அழகு பணத்தில் இருக்கிறது. ரோட்டார் வழியே போகும் திறன், ஸ்டேட்டர் திறனை ஸ்லிப்பால் பெருக்கினால் வருவது. ஸ்லிப் 25 விழுக்காடு, வேகம் ஒத்திசைவுக்கு மேல், மொத்தம் 2 மெகாவாட் என்று வைத்துக்கொண்டால் ஸ்டேட்டர் 1.6, ரோட்டார் 0.4 தருகின்றன. 2 மெகாவாட் இயந்திரத்தை ஆட்ட அதில் கால்வாசியைத் தாண்டாத கன்வெர்ட்டர் போதும். ஒத்திசைவுக்குக் கீழே போனால் ரோட்டார் கிரிட்டிலிருந்து திறனை வாங்கும். அதனால்தான் கன்வெர்ட்டர் இரு திசையிலும் வேலை செய்ய வேண்டும்.

1996-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து பேனா, கிளேர், ஆஷர் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றைக்கும் டிஎஃப்ஐஜி கட்டுப்பாட்டுக்கு அடிப்படை. அதன் அமைப்பு வரைபடத்தை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட்டால் பாதிப் புத்தகங்கள் எங்கிருந்து எடுத்தன என்று தெரிந்துவிடும்.

நிரந்தரக் காந்த ஜெனரேட்டர்?

முழுத் திறனும் கன்வெர்ட்டர் வழியாகவே போகும். கன்வெர்ட்டர் பெரிது, விலை கூடுதல். பதிலுக்கு பிரஷ் கிடையாது, வேக வரம்பு விரிவு, கிரிட்டில் கோளாறு வந்தால் அது நேராக ஜெனரேட்டரைத் தொடாது. துருவங்களை நிறைய வைத்தால் கியர்பாக்ஸே வேண்டாம். கியர் இல்லாமல் இருக்க நிரந்தரக் காந்தம்தான் வேண்டும் என்றில்லை. எனர்கான் நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த இ-40, கம்பிச் சுற்றில் காந்தப்புலம் உண்டாக்கும் சிங்க்ரனஸ் ஜெனரேட்டரை வைத்தே கியர்பாக்ஸை ஒழித்தது. நிரந்தரக் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியத்தின் விலை ஏறும்போதெல்லாம் அந்த வழி மறுபடி பேசப்படும்.

'டி-க்யூ அச்சு' என்றதும் பயமாக இருக்கிறது. அது இல்லாமல் முடியாதா?

முடியும், ஆனால் கஷ்டப்படுவீர்கள். மூன்று ஃபேஸ் மின்னோட்டங்களும் வினாடிக்கு 50 முறை ஆடிக்கொண்டிருக்கின்றன. ஆடும் அளவைத் துரத்திப் பிடிக்க பிழையையும் அது சேர்ந்த தொகையையும் பார்த்துத் திருத்தும் சாதாரண பிஐ கண்ட்ரோலரால் முடியாது, பின்தங்கிக்கொண்டே இருக்கும். சுற்றும் ராட்டினத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை தரையில் நிற்பவருக்குத்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாமும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தால் அசையாமல் இருக்கிறது. 1929-ல் ராபர்ட் பார்க் எழுதிய மாற்றம் கணக்கில் செய்வது இதைத்தான். காந்தப்புலத்தோடு சேர்ந்து சுற்றும் அச்சில் ஏறி நின்றால் ஆடும் மூன்று அளவுகள், நிலையான இரண்டு அளவுகளாகிவிடும். அவற்றுக்குத்தான் டி, க்யூ என்று பெயர்.

டிஎஃப்ஐஜியில் அச்சை ஸ்டேட்டரின் காந்தப்பாய்வான ஃபிளக்ஸோடு பூட்டினால் இன்னொரு வசதி: ரோட்டாரின் க்யூ மின்னோட்டம் டார்க்கையும், டி மின்னோட்டம் ரியாக்டிவ் பவரையும் தீர்மானிக்கும். இரண்டு கைப்பிடி, இரண்டு வேலை. ஒன்றைத் திருகினால் மற்றது அசையாது. கணிதம் துல்லியமாகச் சொன்னால் கொஞ்சம் அசையும். அந்தக் குறுக்குத் தொடர்பை முன்கூட்டியே கணக்கிட்டுக் கழித்துவிடுவார்கள்.

பிஐ கண்ட்ரோலரின் எண்களை எப்படி வைப்பது? நான் முயன்று பார்த்து வைக்கிறேன்.

வேண்டாம். மின்னோட்ட லூப்புக்கு நேரான வழி இருக்கிறது. சுற்றின் இண்டக்டன்ஸ், மின்தடை இரண்டும் தெரிந்தால், எவ்வளவு வேகமாக எதிர்வினை வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்து, அந்தக் கோண அதிர்வெண்ணால் இண்டக்டன்ஸைப் பெருக்கினால் ப்ரொபோர்ஷனல் எண். மின்தடையைப் பெருக்கினால் இண்டெக்ரல் எண். இண்டக்டன்ஸ் 1 மில்லிஹென்றி, மின்தடை 10 மில்லி ஓம், வேண்டிய வேகம் 100 ஹெர்ட்ஸ் என்றால் கோண அதிர்வெண் 628. ஆக 0.628, 6.28. முடிந்தது. கன்வெர்ட்டரின் ஸ்விட்ச்சிங் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் என்றால், லூப்பின் வேகத்தை அதில் பத்தில் ஒரு பங்குக்குள் வைப்பது பாதுகாப்பு. டிஜிட்டல் தாமதம் என்ற ஒன்று இருக்கிறது. காகிதத்தில் நன்றாக ஓடிய லூப் நிஜ போர்டில் அலறுவதற்கு அதுதான் வழக்கமான காரணம்.

வெளியே இருக்கும் லூப் ஒவ்வொன்றும் உள்ளே இருப்பதைவிடக் குறைந்தது ஐந்து முதல் பத்து மடங்கு மெதுவாக இருக்கட்டும். மின்னோட்டம் மில்லிவினாடிகளில், கன்வெர்ட்டரின் நடுவில் இருக்கும் நேர்மின் இணைப்பான டிசி லிங்க்கின் மின்னழுத்தம் பத்து மில்லிவினாடிகளில், வேகமும் இறக்கைக் கோணமான பிட்ச்சும் வினாடிகளில் என்று படிப்படியாக.

காற்று வேகத்தை அளந்து, அதற்கேற்ற சுழல் வேகத்தைக் கணக்கிட்டு ஓட்டலாமே?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் கூடான நாசெல் மேல் உள்ள காற்றுமானியை நம்ப முடியாது என்பதுதான் சிக்கல். அது இறக்கைகளுக்குப் பின்னால், கலங்கிய காற்றில் நிற்கிறது. மேலும் அது ஒரு புள்ளியை அளக்கிறது. இறக்கையோ ஏக்கர் கணக்கில் விரிந்த பரப்பைப் பார்க்கிறது. மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் காற்று ஒன்றாக இருப்பதில்லை.

ஆகவே காற்றை அளக்காமலேயே வேலையை முடிக்கும் ஒரு தந்திரம் உண்டு. ஜெனரேட்டரின் வேகத்தை மட்டும் பார். அதன் இருமடியை ஒரு மாறிலியால் பெருக்கு. அந்த அளவு எதிர் டார்க்கைக் கொடு. அவ்வளவுதான். முன்பு சொன்ன 5 மெகாவாட் மாதிரியில் 8 மீட்டர் காற்றில் ஜெனரேட்டர் வேகம் நிமிடத்துக்கு 888 சுற்று. மாறிலி, சுற்று எண்ணிக்கையின் இருமடிக்கு 0.02558 நியூட்டன் மீட்டர். பெருக்கினால் சுமார் 20,200 நியூட்டன் மீட்டர். காற்று கொடுக்கும் டார்க்கும் அங்கே ஏறத்தாழ அதுவே. வேகம் தவறுதலாகக் கூடிப்போனால் எதிர் டார்க் மிஞ்சி இயந்திரத்தைத் தணிக்கும்; குறைந்தால் காற்றின் டார்க் மிஞ்சி ஏற்றிவிடும். தானாகவே சரியான இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதில் ஏமாறக்கூடிய இடம் அந்த மாறிலிதான். அதில் காற்றின் அடர்த்தி ஒளிந்திருக்கிறது. அட்டவணையில் 1.225 என்று இருப்பது கடல் மட்டத்தில் 15 டிகிரிக்கு. நம் தென் மாவட்டங்களில் மே மாதம் முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக்காலத்தில் 35 டிகிரி சாதாரணம். அப்போது அடர்த்தி 1.145 வாக்கில்தான் இருக்கும். மாறிலி 6, 7 விழுக்காடு தவறு. இறக்கையில் பூச்சியும் தூசியும் படிந்தால் இன்னும் விலகும். பிடிக்கும் பங்கின் வளைவு உச்சியில் தட்டையாக இருப்பதால் நஷ்டம் சிறிதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில், நூறு இயந்திரங்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் யாரும் விட்டுவிடுகிற தொகை இல்லை.

பலத்த காற்றில்?

முன்பு சொன்ன 5 மெகாவாட் மாதிரியில் வினாடிக்கு 11.4 மீட்டர் காற்றில் முழுத் திறன் வந்துவிடும். அதற்கு மேல் வருவதைத் தள்ளிவிட வேண்டும். இறக்கையின் கோணத்தைத் திருப்பிப் பிடியைக் குறைப்பார்கள். 12 மீட்டர் காற்றுக்குக் கோணம் 3.8 டிகிரி, 25 மீட்டருக்கு 23.5 டிகிரி.

இங்கே ஒரே பிஐ எண்களை எல்லாக் காற்றுக்கும் வைத்தால் கெட்டது. கோணம் கூடக்கூட ஒரு டிகிரியின் விளைவும் கூடிக்கொண்டே போகும். மேற்படி மாதிரியில் 6.3 டிகிரியிலேயே விளைவு இரட்டிப்பாகிவிடுகிறது. ஆகவே கோணம் ஏற ஏற கண்ட்ரோலரின் எண்களைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். இதைச் செய்யாத சிமுலேஷன் 12 மீட்டரில் அழகாக ஓடி 20 மீட்டரில் ஊசலாடும். மாணவர்கள் 12-லேயே வரைபடத்தை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.

தண்டை ஒரே நிறையாக வைத்தால் போதுமா, இரண்டா?

ஆற்றல் கணக்குக்கு ஒன்று போதும். கிரிட் கோளாறு, கியர்பாக்ஸ் ஆயுள் இரண்டுக்கும் இரண்டு நிறை வேண்டும்: ஒரு பக்கம் பெரிய இறக்கைச் சக்கரம், மறுபக்கம் சிறிய ஜெனரேட்டர், நடுவில் முறுக்கிக்கொள்ளும் தண்டு. கோளாறு நேரத்தில் எதிர் டார்க் மறைந்ததும் முறுக்கியிருந்த தண்டு சட்டென்று அவிழும். அந்த ஆட்டத்தை ஒற்றை நிறை மாடல் காட்டவே காட்டாது.

இதில் நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. பழைய இண்டக்ஷன் இயந்திரத்தில் வேகம் கூடினால் டார்க்கும் கூடும். தண்டின் அதிர்வு இயல்பாகவே தணியும். முழுத் திறனில் ஓடும் மாறுவேக இயந்திரத்திலோ 'திறன் மாறக்கூடாது' என்று கட்டளை. திறன் மாறாமல் இருக்க, வேகம் கூடும்போது டார்க் குறைய வேண்டும். அதாவது கண்ட்ரோலரே அதிர்வுக்குத் தீனி போடுகிறது. இதைச் சரிக்கட்ட, ஜெனரேட்டர் வேகத்திலிருந்து தண்டின் அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டி எடுத்து, அதற்கு எதிராகச் சிறிய டார்க்கைச் சேர்ப்பார்கள். சில வரி நிரல். கியர்பாக்ஸை எத்தனையோ ஆண்டுகள் காப்பாற்றுகிறது.

கிரிட்டில் மின்னழுத்தம் விழுந்தால் ஏன் இணைப்பை விடக்கூடாது? விடுவதுதானே பாதுகாப்பு?

ஒற்றை இயந்திரத்துக்குப் பாதுகாப்பு, கிரிட்டுக்கு ஆபத்து. எங்கோ ஒரு லைனில் ஷார்ட் ஆகி அழுத்தம் விழுந்தவுடன் ஆயிரம் மெகாவாட் காற்று ஒரே நொடியில் கழன்றுகொண்டால் சின்னக் கோளாறு பெரிய இருட்டாக மாறும். ஜெர்மனியில் 2003 வாக்கிலேயே இணைப்பில் நில் என்று விதி வந்தது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் இணைப்பு விதிகளுக்கு 2013-ல் வந்த திருத்தப்படி, 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் இணைக்கப்படும் காற்றாலைகள், அழுத்தம் 15 விழுக்காடாகக் குறைந்தாலும் 300 மில்லிவினாடி தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது.

டிஎஃப்ஐஜிக்கு இது நிஜமான சோதனை. அழுத்தம் திடீரென்று விழுந்தாலும் ஸ்டேட்டரில் இருக்கும் ஃபிளக்ஸ் சட்டென்று மறையாது. அதில் ஒரு பகுதி சுழலாமல் அப்படியே உறைந்து நிற்கும். அந்த நின்ற ஃபிளக்ஸை ரோட்டார் முழு வேகத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. ஒத்திசைவைவிட 20 விழுக்காடு வேகமாக ஓடும் ரோட்டாரில் வழக்கமாக வரும் அழுத்தம், சுற்று விகிதத்தைச் சரிசெய்து பார்த்தால், ஸ்டேட்டர் அழுத்தத்தில் 20 விழுக்காடு. முழு வீழ்ச்சியின் முதல் கணத்தில் அது 120 விழுக்காடு வரை போகும். கன்வெர்ட்டர் கட்டப்பட்டதோ 30-க்கு. மின்னோட்டம் எகிறி, கன்வெர்ட்டரின் எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்சுகளான ஐஜிபிடிகள் வெடிக்காமல் இருக்க, 'க்ரோபார்' என்ற மின்தடையை ரோட்டாருக்குக் குறுக்கே போட்டுக் கன்வெர்ட்டரை ஒதுக்குவார்கள். ஆனால் க்ரோபார் விழுந்திருக்கும்வரை கட்டுப்பாடு கையில் இல்லை; இயந்திரம் மறுபடி பழைய இண்டக்ஷன் ஜெனரேட்டராகி, கிரிட் தவிக்கும் நேரத்தில் ரியாக்டிவ் பவரை உறிஞ்சும். எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதில்தான் வித்தை.

நிரந்தரக் காந்த இயந்திரத்தில் வெளியே போக முடியாத திறன் டிசி லிங்கில் தேங்கும். அதை ஒரு சாப்பர் மின்தடையில் வெப்பமாக எரித்துவிடுவார்கள்.

மாடலில் எல்லாம் சரி; பிறகும் நிஜத்தில் கோளாறு வருகிறதே?

மாடலில் இருப்பது அநேகமாகச் சரியாகவே இருக்கும். இல்லாததுதான் கடிக்கும். பொது ஆவணங்களில் இருக்கும் மூன்று சம்பவங்கள்:

டெக்சாஸ், 2009. ஒரு லைன் கழன்றதில் டிஎஃப்ஐஜி காற்றாலைகள், தொடர் கெபாசிட்டர் வைத்த நீண்ட லைனின் முனையில் தனியாக மாட்டிக்கொண்டன. அந்த கிரிட்டின் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுகளுக்கு ரோட்டார் பக்க மின்னோட்டக் கண்ட்ரோலர் எதிர்மறை மின்தடைபோல நடந்துகொண்டது. அதாவது அதிர்வைத் தணிக்காமல் வளர்த்தது. க்ரோபார் சுற்றுகள் சேதமடைந்தன. லைனை வெறும் மின்தடை, இண்டக்டன்ஸ் என்று வைத்த மாடலில் இது தெரியவே தெரியாது.

தெற்கு ஆஸ்திரேலியா, 28 செப்டம்பர் 2016. சூறாவளி மின்கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிடங்களுக்குள் அழுத்தம் பலமுறை விழுந்து எழுந்தது. ஒவ்வொரு வீழ்ச்சியையும் காற்றாலைகள் தாக்குப்பிடித்தன. ஆனால் பலவற்றின் கண்ட்ரோலரில் 'குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் என்றால் திறனைக் குறை அல்லது கழன்றுகொள்' என்று ஓர் எண் இருந்தது. கிரிட்டை நடத்துபவர்களுக்குத் தரப்பட்ட மாடல்களில் அந்த எண் இல்லை. சில வினாடிகளில் 456 மெகாவாட் போனது; அண்டை மாநில இணைப்பு பளு தாங்காமல் அறுந்தது; மாநிலமே இருண்டது. பிறகு அந்த எண்களை மாற்றினார்கள். இயந்திரத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்து, 9 ஆகஸ்ட் 2019. மின்னல் ஒரு லைனைத் தாக்கியதும் ஹார்ன்ஸி கடல் காற்றாலையின் அழுத்தக் கட்டுப்பாடு ஊசலாடத் தொடங்கி, 799 மெகாவாட் 62 ஆக விழுந்தது. வேறொரு எரிவாயு நிலையமும் சேர்ந்து கழன்றதில் அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கடலடி கேபிளும் பலவீனமான கிரிட்டும் கண்ட்ரோலரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது. மென்பொருளைத் திருத்தினார்கள்.

மூன்றிலும் ஜெனரேட்டரின் சமன்பாடு தப்பில்லை. கண்ட்ரோலருக்குள் இருந்த ஒரு வரியோ, வெளியே இருந்த லைனோ விடுபட்டிருந்தது. உற்பத்தியாளர் தரும் 'கறுப்புப் பெட்டி' மாடலை வாங்கிவைத்துக்கொண்டு திருப்தி அடைவதை நான் ஏற்க மாட்டேன். உள்ளே நிரல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரம்புகள், எண்ணிக்கைகள், காலக்கெடுக்கள் என்னென்ன என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

காற்றாலையால் கிரிட்டுக்கு இனெர்ஷியா கொடுக்க முடியாது என்கிறார்களே?

இனெர்ஷியா என்பது சுற்றும் நிறை வேக மாற்றத்தை எதிர்க்கும் குணம். சுற்றும் நிறை இருக்கிறது. கன்வெர்ட்டர் அதை மறைக்கிறது. அதிர்வெண் விழும்போது டார்க்கைச் சில வினாடிகள் கூட்டச் சொன்னால் இறக்கையின் இயக்க ஆற்றல் கிரிட்டுக்குப் போகும். ஆனால் இறக்கை மெதுவாகிறது, பிடிக்கும் பங்கு குறைகிறது, பிறகு கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். திருப்பிக் கட்டும் நேரத்தைச் சரியாக வைக்காவிட்டால் அதிர்வெண்ணில் இரண்டாவது பள்ளம் விழும்.

எந்த மாடலிலிருந்து தொடங்கட்டும்? மேட்லாப் வாங்க வசதியில்லை.

காற்றாலை சிமுலேஷன் மென்பொருளான ஓப்பன்ஃபாஸ்ட் இலவசம், 5 மெகாவாட் மாதிரியின் கோப்புகளும் அதோடு கிடைக்கும். ஆனால் அதற்கும் முன்னால் பைத்தானில், அல்லது சைலேபில், இருபது முப்பது வரியில் ஒற்றை நிறை மாடல் எழுதுங்கள்: காற்று டார்க், எதிர் டார்க், வேகம். வேகத்தின் இருமடி விதியைப் போட்டு, காற்றை 8-லிருந்து 10-க்குத் தாவவிட்டு, இறக்கை 9.15-லிருந்து 11.4 சுற்றுக்கு வர எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். அங்கே ஜெனரேட்டரின் மின்னியலை ஒரு சின்னத் தாமதமாக வைத்தால் போதும்.

அப்புறம் கேள்விக்கு ஏற்ப விரியுங்கள். ஆண்டு உற்பத்தி என்றால் திறன் வளைவு அட்டவணையே போதும். சென்னையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் கயத்தாறு சோதனை நிலையத்தில் அளப்பதும் அந்த வளைவைத்தான். கிரிட் கோளாறு என்றால் இரண்டு நிறையும் ஃபிளக்ஸ் சமன்பாடுகளும். கன்வெர்ட்டரின் ஹார்மோனிக்ஸ் என்றால் மட்டுமே ஒவ்வொரு ஐஜிபிடியும் திறந்து மூடும் மாடல், மைக்ரோவினாடிப் படிகளில். பத்து நிமிடக் காற்றை அந்தக் கடைசி மாடலில் ஓடவிட்டு லேப்டாப்பை விடிய விடிய சுட வைப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். ஸ்விட்ச்சுகளை எடுத்துவிட்டுச் சராசரி மின்னழுத்தத்தை வையுங்கள். அதே வரைபடம் ஒரு டீ குடித்து வருவதற்குள் வந்துவிடும்.